இடம் மாறி முளைத்த சம்பா

தலைமடையில் விதைத்தது கடைமடையிலும், கடைமடையில் விதைத்தது தலைமடையிலும் முளைத்த வருஷத்தில், கன்னிவாய்க்கால் கரையோரத்து ஜனங்கள் முதல் இரண்டு நாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தன் வயலில் மட்டும்தான் இப்படி ஆகியிருக்கிறது, வெளியே சொன்னால் விதைக்கத் தெரியாத ஆள் என்று சிரிப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, பொழுது விடியும் முன்பே வரப்புக்குப் போய், பார்த்து, தலையைச் சொறிந்து, ஒன்றுமே நடக்காத முகத்தோடு திரும்பி வந்து காபி குடித்தார்கள். உப்பனாங்காட்டுத் தையல்நாயகியும் அப்படித்தான் செய்தாள்.

கன்னிவாய்க்கால் ஆற்றிலிருந்து பிரிகிற இடத்தில் மேலமருதங்குடி இருந்தது. கடலை நெருங்க நெருங்கத் தெம்பு குறைந்து, கடைசியில் மணலும் உவர்மண்ணும் கலந்த காட்டில் அது படுத்துக்கொள்கிற இடத்தில் உப்பனாங்காடு இருந்தது. ஒரே வாய்க்கால், ஒரே தண்ணீர், ஆனால் இரண்டு ஊருக்கும் விதைப்பு வேறு. மேலமருதங்குடிக்காரர்கள் மதகு திறந்த மறுநாளே வயலில் தண்ணீர் கட்டி, சேறாக உழுது, பலகை அடித்துச் சமப்படுத்தி, முளைகட்டிய விதையை உருளை விதைப்பானில் நிரப்பி இழுத்துக்கொண்டு போவார்கள். அது சாண் இடைவெளியில் வரிசை வரிசையாக விதையைப் போட்டுக்கொண்டே போகும், ஏக்கருக்குப் பன்னிரண்டு கிலோவில் வேலை முடிந்துவிடும். உப்பனாங்காட்டில் காய்ந்த புழுதியில் உழுது, காய்ந்த விதையைக் கையால் தெளித்து, கொம்பை இழுத்து மண்ணால் மூடிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தண்ணீர் எப்போது வரும் என்று அவர்களுக்கு எந்த வருஷமும் யாரும் சொன்னதில்லை.

புழுதி விதைப்புக்கு ஏக்கருக்கு முப்பது கிலோ போதும் என்று வேளாண் அலுவலர் ரெஜினா மேடம் ஒவ்வொரு ஆவணியிலும் ஸ்கூட்டரில் வந்து சொல்லிவிட்டுப் போவார். தையல்நாயகி தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். அவர் போனதும் ஐம்பது கிலோ தெளிப்பாள். எறும்புக்கு ஒரு பங்கு, குருவிக்கு ஒரு பங்கு, உப்புக்கு ஒரு பங்கு, வெயிலுக்கு ஒரு பங்கு போக, மீதியிருப்பதில் ஏதோ கொஞ்சம் நமக்கு நிற்கட்டும் என்பது அவள் எண்ணம். அவள் இடதுகைக்காரி. கூடையை வலது இடுப்பில் இடுக்கிக்கொண்டு இடதுகையால் வீசுவாள். மற்றவர்கள் வீசினால் விதை ஒரு பக்கமாக வளைந்து விழும், அவள் வீசினால் அதற்கு எதிர்ப்பக்கமாக வளைந்து விழும். வாய்க்கால் நெடுகிலும் அப்படி வீசுகிற கை வேறு கிடையாது.

அந்த வருஷம் அவள் வீசும்போது அவள் புருஷன் மாசிலாமணி வரப்பில் நின்று, "இதான் கடைசி விதைப்பு தையலு, மனசுல வச்சுக்க" என்றான். கிழக்கே வாய்க்காலின் இரண்டு பக்கமும் நிலங்கள் இறால் குட்டைகளாகிவிட்டிருந்தன. குட்டைக்காரன் மாசிலாமணியிடமும் வந்து கேட்டு, தையில் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். இந்தச் சம்பாவும் காய்ந்தால் தை மாதம் நிலத்தைக் கொடுத்துவிடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்திருந்தார்கள். நிலத்தில் ஒரு முறை உப்புத்தண்ணீர் நிறுத்திவிட்டால் அப்புறம் அங்கே நெல் என்ற பேச்சே இல்லை என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் பேசினார்கள்.

"கடைசின்னு சொல்லிக்கிட்டே விதைச்சா எப்படிங்க முளைக்கும்?" என்றாள் அவள்.

"முளைக்கும். தண்ணிதான் வராது" என்றான் அவன்.

அது வெறும் விரக்தியில் சொன்ன வார்த்தையில்லை. மேலமருதங்குடி மதகின் பூட்டுச் சாவி வைத்திருந்தவர் கோதண்டம். அவர் வேறு யாருமில்லை, தையல்நாயகியின் அக்காள் சௌந்தரநாயகியைக் கட்டியவர், மாசிலாமணிக்குச் சொந்தச் சகலை. சில வருஷங்களுக்கு முன்னால், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் உப்பனாங்காடு காய்ந்தபோது, உறவு இருக்கிறதே என்ற நம்பிக்கையில் மாசிலாமணி மதகுக்குப் போய் நின்றான். பத்துப் பேர் பார்க்கக் கோதண்டம் சொன்னார்: "பொங்கலுக்கு வேட்டி கேட்டு வா சகலை, எடுத்துத் தரேன். தண்ணி கேட்டு மட்டும் வராதே." அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிற்று. அக்காளும் தங்கையும் கல்யாண வீடுகளில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

புரட்டாசியில் ஒரு மழை பெய்தது. மழை விட்டு நாலாம் நாள் காலை தையல்நாயகி போய்ப் பார்த்தபோது, அவள் வயலில் பயிர் வரிசையாக நின்றது. சாண் இடைவெளி, நூல் பிடித்த மாதிரி. ஒவ்வொரு ஏழு வரிசைக்கும் அடுத்து ஒரு வரிசை மட்டும் காணவில்லை, அந்த இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேரில் ஒட்டியிருந்த உமி நீளமாக, மெலிசாக இருந்தது. அவள் தெளித்தது மோட்டா நெல், இது சன்ன ரகம். அவளுக்குப் பயம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது, யாரோ ஒருவருடைய பிள்ளையைத் தெரியாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டதைப் போல.

மூன்றாம் நாள் லஸ்கர் அந்தோணிசாமி சைக்கிளில் வந்து விஷயத்தை உடைத்தார். வாய்க்கால் நெடுகப் போய்க் கரையும் தண்ணீரும் பார்த்து வருகிற வேலை அவருக்கு. அதனால் மற்றவர்கள் ஒளித்துவைத்ததையெல்லாம் அவர் ஒரே சவாரியில் பார்த்துவிட்டார்.

"உங்க ஊருல அத்தனை வயலும் வரிசையா நிக்குது. மேலே அத்தனை வயலும் தெளிப்புப் பயிரா மண்டிக் கிடக்குது. ஏம்மா, நீங்கள்லாம் சேர்ந்து ராத்திரியோட ராத்திரியா மாத்திக்கிட்டீங்களா?"

"முளைச்ச பயிரை எப்படிங்க மாத்துறது?" என்றாள் தையல்நாயகி.

"அதானே" என்று அந்தோணிசாமி ஒப்புக்கொண்டு, ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அப்புறம் இரண்டு ஊரும் ஒரேயடியாகப் பேச ஆரம்பித்தன. சிலர் விதைக்கடைக்காரர்தான் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனார்கள். அவர், நான் விற்றது விதைதானே, அது எங்கே போய் முளைக்கும் என்று ரசீதில் எழுதிக் கொடுத்தேனா என்று கேட்டார். இரண்டு ஊர் அம்மனுக்கும் மாற்றி மாற்றிப் புடவை சாத்தினார்கள். ரெஜினா மேடம் வந்து வரப்பில் மண்டியிட்டு, கையால் வரிசையை அளந்து பார்த்தார். இது எப்படி மேடம் என்று எல்லாரும் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, "எப்படின்னு எனக்குத் தெரியலைங்க. ஆனா மேலே இருக்கிறது ரொம்ப நெருக்கம், கலைச்சு விடணும். இங்கே இருக்கிறதுக்குச் சீக்கிரம் தண்ணி வேணும். அது மட்டும் எனக்குத் தெரியுது" என்றார். அது நியாயமான பதில் என்று ஊரார் சொன்னார்கள்.

யாருடைய விதை யாருடைய வயலுக்குப் போயிற்று என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. பணக்காரர் விதை ஏழை நிலத்துக்குப் போயிருந்தது, ஏழை விதை இன்னொரு ஏழை நிலத்துக்கும் போயிருந்தது. அவரவர் பயிரை அவரவர்தான் போய்த் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மேலமருதங்குடிக்காரர்கள் சோற்றுத்தூக்கோடு பஸ் ஏறி உப்பனாங்காட்டுக்கு வந்தார்கள், உப்பனாங்காட்டுக்காரர்கள் அதே பஸ் திரும்பும்போது ஏறி மேலே போனார்கள். கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு, "பயிர் பாக்குறவங்க எல்லாம் இறங்கு" என்று குரல் கொடுத்தார். வழியில் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்கிற வழக்கம் போய், உன் பயிர் எங்கே நிற்கிறது என்று கேட்கிற வழக்கம் வந்தது. பாதி நாள் குடித்துக் கிடக்கிற ஒருவனுடைய நிலத்தில் தன் விதை முளைத்துவிட்டதே என்று மேலமருதங்குடிக்காரர் ஒருவர் பாயும் போர்வையுமாக வந்து அவன் வரப்பிலேயே குடிசை போட்டுவிட்டார். நாலு நாள் திட்டிக்கொண்டார்கள், ஐந்தாம் நாள் அந்தக் குடிகாரன் களை பறித்தான், இவர் சோறு பொங்கினார்.

சௌந்தரநாயகி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல், நேராகத் தங்கையின் வயலுக்கு நடந்தாள். தையல்நாயகி அங்கே களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, அக்காள்தான் என்று தெரிந்ததும், மறுபடி குனிந்துகொண்டாள். சௌந்தரநாயகி வரப்பில் நின்று வரிசைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.

"எட்டாவது வரிசை இல்லை பாரு" என்றாள்.

தையல்நாயகி ஒரு களையைப் பிடுங்கிப் பின்னால் எறிந்தாள்.

"எங்க உருளையில ஒரு துளை உடைஞ்சுபோச்சு. உங்க அத்தான் பழைய துணியை வச்சு அடைச்சிருக்காரு. புதுசு வாங்குங்கன்னா கேக்குறதில்லை." அவள் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு வயலுக்குள் இறங்கினாள். "இது எங்க விதைடி."

"எடுத்துக்கிட்டுப் போ" என்றாள் தையல்நாயகி. சொன்ன பிறகுதான், இத்தனை வருஷம் கழித்து அக்காளிடம் பேசிய முதல் வார்த்தை அது என்பது அவளுக்கு உறைத்தது.

சௌந்தரநாயகி கோபிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த வரிசையில் உட்கார்ந்து களையைப் பிடுங்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒரே திசையில் நகர்ந்தார்கள், வரிசைப் பயிரில் களை எடுப்பது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று தையல்நாயகி அதுவரை அறிந்ததில்லை.

"என் வயல்ல உன் கை நிக்குது" என்றாள் சௌந்தரநாயகி. "முளைச்ச அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. எல்லாம் எதிர்ப்பக்கமா வளைஞ்சு வளைஞ்சு நிக்குது. நான் அவர்கிட்ட சொல்லலை. நாலு நாள் தனியா போய் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." பிறகு கேட்டாள்: "ஏன்டி அவ்வளவு கெட்டியா தெளிச்சே? மூச்சு விட இடமில்லாம நிக்குதுடி. ஒண்ணை ஒண்ணு தின்னுக்கிட்டு, எல்லாம் மஞ்சளா வெளுக்குது."

"பயந்தான்" என்றாள் தையல்நாயகி.

"என்ன பயம்?"

"என்ன பயம்னு நீ கேக்குறியாக்கா? தண்ணி வரும்னு தெரிஞ்சவங்க பன்னெண்டு கிலோ போடுவாங்க. வருமா வராதான்னு தெரியாதவ என்ன செய்வா? பத்து போட்டா ஒண்ணாவது நிக்காதான்னு அள்ளி அள்ளிப் போடுவா. வீட்டு நெல்லை, திங்கிற நெல்லை, அள்ளிப் போடுவா."

சௌந்தரநாயகி கையிலிருந்த களையை வரப்பில் எறிந்தாள். வாய்க்கால் அவளுக்குத் தெரியும், மதகு தெரியும், பூட்டுச் சாவி தொங்குகிற ஆணியும் தெரியும், ஆனால் இது ஒருநாளும் அவள் நினைப்பில் வந்ததில்லை. எழுந்து போகும்போது, "நாளைக்கு உங்க ஊருப் பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு வா. வந்து கலைச்சு விடுங்க. பிடுங்குறதை எடுத்துக்கிட்டு வந்து இந்த எட்டாவது வரிசையில நட்டுக்க. உன் நெல்லும் கொஞ்சம் உன் நிலத்துல நிக்கட்டும்" என்றாள்.

அப்படியே நடந்தது. உப்பனாங்காட்டுப் பெண்கள் மேலே போய், நெருக்கமாக நின்ற தங்கள் பயிரைத் தாங்களே கலைத்துவிட்டார்கள். ஒவ்வொரு குத்துக்கும் நடுவில் ஒரு சாண் விட்டு, மிச்சத்தைப் பிடுங்கி, கட்டுக் கட்டாகக் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் முழுக்கச் சேற்று வாசனை அடித்தது, கண்டக்டர் நாற்றுக்கட்டுக்கு டிக்கெட் கேட்கவில்லை. கீழே வந்து, விடுபட்ட வரிசைகளிலும் சொட்டையான இடங்களிலும் நட்டார்கள். சன்ன நெல்லுக்கு நடுவே மோட்டா நெல் நின்றது. தையல்நாயகி கலைத்துக்கொண்டிருந்தபோது கோதண்டம் ஒருமுறை வரப்போரமாக வந்து நின்றார், அவளைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார், வந்த வழியே போய்விட்டார்.

ஆனால் ஐப்பசி மழை ஏமாற்றியது. கார்த்திகை பிறந்தும் வானம் கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி இருந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்து, மதகில் பூட்டு ஏறியது.

கோயில் மண்டபத்தில் இரண்டு ஊரும் கூடியது அப்போதுதான். விதைத்தவனுக்குத்தான் பயிர் சொந்தம் என்று ஒரு கட்சி, நிலத்துக்காரனுக்குத்தான் சொந்தம் என்று ஒரு கட்சி. முதல் கட்சியில் இருந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் கட்சிக்கு மாறினார்கள், அங்கிருந்தவர்கள் இங்கே வந்தார்கள். கோதண்டம் எழுந்து நின்றார்.

"எதுக்கு இவ்வளவு குழப்பம்? என் நிலத்துல நிக்கிறது என்னோடது. அவங்க நிலத்துல நிக்கிறது அவங்களோடது. எப்பவும் போல அவங்கவங்க பாடு. இருக்கிற தண்ணி மேலுக்கே பத்தாது, மதகைத் தொறக்க முடியாது."

"அப்போ நம்ம விதை கீழே காஞ்சா பரவாயில்லையா?" என்று அவர் ஊர்க்காரர் ஒருவரே கேட்டார்.

"விதைச்சாச்சு, போயாச்சு. அவ்வளவுதான்."

"நீங்க இன்னும் கீழே போய்ப் பாக்கலையே" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அது சௌந்தரநாயகியின் குரல் என்று எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோதண்டம் மட்டும் திரும்பிப் பார்த்தார். கூட்டம் ஒரு முடிவுமில்லாமல் கலைந்தது.

அவர் பிடிவாதக்காரர்தான், ஆனால் விவசாயி. போகக்கூடாது என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. மேலே அவர் நிலத்தில் நிற்பது அவர் பயிர் என்று வாய் சொல்லிவிட்டது, ஆனால் காலையில் அங்கே போய் நின்றால் அது வேறொருத்தி கைப்பயிராகவே கண்ணுக்குத் தெரிந்தது. அதைத் தொட்டுப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. தான் முளைகட்டி, தான் நிரப்பி, தான் இழுத்த விதை எங்கோ நிற்கிறது, அது எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை என்கிற நினைப்பு, வெளியூரில் விட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதைப் போல அவரை அரித்தது. ஒருநாள் உச்சிவெயிலில் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாசிலாமணி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டான். வெள்ளை பனியனும் தோளில் துண்டுமாக ஒரு ஆள் தன் வரப்பில் நிற்பதையும், பிறகு மெதுவாக உட்காருவதையும் பார்த்தான். வயல் வெடித்திருந்தது. வரிசை வரிசையாக நின்ற பயிர் அத்தனையும் வெயிலில் இலை சுருண்டு, ஊசி ஊசியாக நின்றது. கோதண்டம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், துண்டைத் தலையில் போட்டுக்கொள்ளவும் மறந்துபோய்.

"போய் தண்ணி குடுங்க" என்றாள் தையல்நாயகி.

"அந்தாளுக்கா? தண்ணியா?"

"குடிக்கத்தான். வெயில்ல வந்திருக்காரு. குடுங்க."

மாசிலாமணி சொம்பைக் கொண்டுபோய் நீட்டினான். கோதண்டம் நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டார். வாய் வரை கொண்டுபோனார். பிறகு கையை இறக்கி, காலடியில் நின்ற குத்தின் வேரில் சொம்புத் தண்ணீரை மொத்தமாக ஊற்றிவிட்டார். மண் சத்தம் போட்டு உறிஞ்சியது. ஒரு குத்துதான் நனைந்தது, அடுத்த குத்துக்குக்கூட ஈரம் போய்ச் சேரவில்லை. வெறும் சொம்பை நீட்டி, "இன்னும் இருக்கா?" என்றார்.

மாசிலாமணி போய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். கோதண்டம் மொண்டு மொண்டு ஊற்றினார். குடம் பாதி காலியானதும் மாசிலாமணிக்குத் தாங்கவில்லை.

"குடத்துல ஊத்தி மாளுமா சகலை?" என்றான்.

கோதண்டம் ஊற்றுவதை நிறுத்தினார். அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு," என்றார், "நீ மதகுக்கு வந்தியே, அந்த வருஷம். இப்படித்தான் சுருண்டுச்சா?"

"அன்னிக்குப் பால் பிடிச்சிருந்துச்சு. இதைவிட மோசம். கதிரைக் கையில வச்சுக் கசக்கினா ஈரம் இருந்துச்சு. ரெண்டு நாள்ல அதுவும் இல்லை."

கோதண்டம் தலையாட்டினார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் வாழ்நாளில் சொல்லிப் பழகியதில்லை, அன்றும் சொல்லவில்லை. குடத்தில் மீதியிருந்த தண்ணீரைப் பார்த்து, அதில் ஒரு வாய் குடித்தார். எழுந்து போய் மொபெட்டை உதைத்தார். அது நாலு உதைக்கும் கிளம்பவில்லை, மாசிலாமணி பின்னாலிருந்து தள்ளிவிட்டான்.

மறுநாள் காலையில் மதகு திறந்தது. பூட்டைத் திறந்துவிட்டதால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது என்பது மேலமருதங்குடிக்கு அன்றுதான் தெரிந்தது. வாய்க்கால் நெடுக ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது, பல இடங்களில் கரை சரிந்திருந்தது. அதனால் தலைமடைக்காரர்கள் தண்ணீரோடு கூடவே நடந்தார்கள். அரிவாளும் மண்வெட்டியுமாக இரண்டு கரையிலும் ஆள் நடக்க, தேருக்கு முன்னால் வழி ஒதுக்குகிற மாதிரி தாமரையை வாரிக் கரையில் எறிந்துகொண்டு, உடைந்த இடத்தில் மண்மூட்டை போட்டுக்கொண்டு, அவர்கள் நின்ற இடத்தில் தண்ணீரும் நின்று, அவர்கள் நடந்தபோது தண்ணீரும் நடந்தது. வழியில் இருந்த ஊர்க்காரர்கள் சும்மா பார்க்க வந்து, பிறகு தாங்களும் இறங்கினார்கள். லஸ்கர் அந்தோணிசாமி சைக்கிளில் முன்னால் போய், "வந்துக்கிட்டிருக்கு, வந்துக்கிட்டிருக்கு" என்று ஒவ்வொரு ஊருக்கும் சொன்னார்.

பொழுது சாய்கிற நேரத்தில், முதலில் நுரை வந்தது, நுரைக்குப் பின்னால் சருகு வந்தது, சருகுக்குப் பின்னால் தண்ணீர் வந்தது. தையல்நாயகி வாய்மடையை வெட்டிவிட்டுக் கணுக்கால் நனைய நின்றாள். வெடிப்புகளில் தண்ணீர் இறங்கும்போது வயல் முழுக்கக் கொப்புளம் விட்டது. நண்டுகள் வெளியே வந்தன. அவள் இருட்டுகிற வரை அங்கேயே நின்றாள், சேறு அப்பிய காலோடு கரையில் உட்கார்ந்திருந்த மேலமருதங்குடிக்காரர்களுக்கு உப்பனாங்காட்டுப் பெண்கள் வீட்டிலிருந்ததையெல்லாம் கொண்டுவந்து பரிமாறினார்கள், கஞ்சி, கருவாடு, துவையல், யாரோ ஒருத்தி பிள்ளைக்கு வைத்திருந்த முறுக்கு.

அதற்கப்புறம் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். மேலே குறைத்துத்தான் கீழே விட வேண்டியிருந்தது, மேலே முணுமுணுப்பும் இருந்தது, ஆனால் முணுமுணுத்தவர்களே அடுத்த பஸ்ஸில் கீழே போய்த் தங்கள் பயிர் தூர் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

தை மாதம் அறுப்பு நடந்தது. யாருக்கு எது என்ற வழக்கு, கூட்டமே போடாமல் களத்துமேட்டில் தீர்ந்தது. விதைத்த கைக்குப் பாதி, தாங்கிய நிலத்துக்குப் பாதி என்று யாரோ ஒருவர் சொன்னார், வேறு எப்படி என்று எல்லாரும் கேட்டார்கள். மேலே சாய்ந்துவிடுமோ என்று பயந்த மோட்டா நெல், நன்றாகக் கலைத்துவிட்டிருந்ததால், கதிர் பெருத்து நின்றது. கீழே சன்ன நெல் அவ்வளவு பிரமாதமாக விளையவில்லை, உவர்மண் அதற்குப் புதிது. ஆனால் விளைந்தது. உப்பனாங்காட்டில் நெல் விளைந்தது. குட்டைக்காரன் சொன்னபடி வந்தான். மாசிலாமணி அவனைக் களத்தில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "வைக்கோல் வேணும்னா ஒரு கட்டு எடுத்துக்கிட்டுப் போங்க, நிலம் இல்லை" என்றான்.

அடுத்த ஆவணியில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் ஒவ்வொருவரும் தன் விதை யாருடைய வயலில் போய் நிற்குமோ என்று யோசித்து, விதையைப் புடைத்து, உப்புக் கரைசலில் போட்டு மிதந்த பதரை எடுத்துவிட்டு, நல்லதாகப் பார்த்துப் போட்டார்கள். பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவைக்கிற வீடு மாதிரி இரண்டு ஊரும் பரபரத்தன. தையல்நாயகி, ரெஜினா மேடம் சொன்ன அளவுக்குத் தெளித்தாள். தெளித்து முடித்தபோது கூடையில் நெல் மிஞ்சியது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றாள், பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய் அவல் இடித்தாள்.

மழை பெய்து, முளை வந்தது. அந்த முறை அவரவர் விதை அவரவர் வயலிலேயே முளைத்திருந்தது. மேலே வரிசையாக, கீழே தெளிப்பாக, எப்போதும் போல. இரண்டு ஊர் ஜனங்களும் வரப்பில் நின்று அதைப் பார்த்தார்கள். நியாயமாகப் பார்த்தால் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், ஆனால் பஸ்ஸில் கூட்டம் குறைந்த அந்த முதல் நாலைந்து நாள், எல்லார் முகத்திலும் ஏதோ ஒன்றை எங்கோ வைத்துவிட்டு வந்த குழப்பம் இருந்தது.

ஒருநாள் முற்பகலில் தையல்நாயகி களை எடுத்துக்கொண்டிருந்தபோது மொபெட் சத்தம் கேட்டது. கோதண்டம் வண்டியை நிறுத்திவிட்டு வரப்புக்கு வந்தார். பின்னால் சௌந்தரநாயகி சோற்றுத்தூக்கோடு இறங்கினாள்.

"வாங்கத்தான், வாக்கா" என்றாள் தையல்நாயகி. "இங்கே உங்களுது ஒண்ணும் இல்லையே இந்த வருஷம்."

"தெரியும்" என்றார் கோதண்டம். வயலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "நேத்து விட்ட தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு. ராத்திரிதான் ஏறுச்சு."

"கரையில எங்கேயும் உடையலியே?"

"இல்லை."

"சரி" என்றார். அவ்வளவுதான், கேட்க வந்தது முடிந்துவிட்டது, இனி அவர் கிளம்பலாம். ஆனால் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கினார். குனிந்து, கண்ணில் பட்ட ஒரு கோரையைப் பிடுங்கினார், அதற்கடுத்ததையும் பிடுங்கினார். கோரை வேரோடு வராமல் அறுந்துபோகும்போதெல்லாம் திட்டிக்கொண்டு, மறுபடி விரலை மண்ணுக்குள் விட்டுத் தோண்டிக்கொண்டு, சோறு ஆறுகிறது என்று சௌந்தரநாயகி வரப்பிலிருந்து கூப்பிட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அவர் அந்த வயலின் மறுமுனையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்.